கழன்று வரும் வசதி

2018 மார்ச்சில் வட அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஏறக்குறைய 14 லட்சம் ஃபியூஷன், லிங்கன் எம்கேஇசட் கார்களைத் திரும்ப அழைத்தது. போல்ட் தளர்ந்து ஸ்டியரிங் கையோடு வந்துவிடலாமாம். இதைப் போய்க் குறை என்கிறார்களே!

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, “இடது பக்கம் ஒடிங்க, பிரேக்கைப் போடுங்க” என்று வாயாலேயே வண்டி ஓட்டுகிறவர்களிடம், “இந்தாங்க, நீங்களே ஓட்டுங்க” என்று கழற்றி நீட்டலாம். திருட்டுப் பயமும் இல்லை. இறங்கும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால் போயிற்று. ஏர்பேக்கும் அதற்குள்ளேயே இருப்பதால், பாதுகாப்பும் கூடவே வரும்.

இவ்வளவு நல்ல வசதியை நிறுவனமே கெடுத்தது. இன்னும் நீளமான போல்ட், அழுத்தமாகப் பிடிக்கும் மரை, சற்றுத் தாராளமான நைலான் பூச்சு. எல்லாம் இலவசம். வண்டியை டீலர் வரை ஓட்டிக்கொண்டு வருவது மட்டும் உங்கள் பாடு.

டெஸ்லாதான் சிக்கலை வேரோடு பிடுங்கியது. 2023-இல் மாடல் ஒய் கார்கள் இரண்டு அந்த போல்ட்டே இல்லாமல் வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு உடனே விசாரணை தொடங்கியது. எதற்கு? இல்லாத போல்ட் எந்தக் காலத்தில் தளர்ந்திருக்கிறது?