தேனீயின் நாட்டியம்

கேள்வி: தேனீ நடனமாடி வழி காட்டும் என்கிறார்களே; எங்கள் ஊர்த் தேனீக்கும் அந்த வித்தை தெரியுமா?
- ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: கார்ல் வொன் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி, 1973இல் நோபல் பரிசில் பங்குபெறக் காரணமான அந்த நடனத்தை, அவருடைய சிஷ்யர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கே வந்து ஆராய்ந்து, பொந்தின் இருளில் வாழும் தேனீ சூரியனை வைத்துப் பூவின் திசையைச் செங்குத்தான அடையின்மீது கோணமாக மாற்றி உரைக்க, கிளையில் கூடுகட்டும் கொம்புத்தேனீயோ அடையின் மேற்றளத்தில், ஆகாயம் தெரிய நின்று, பூவிருக்கும் திக்கை நேராகவே காட்டுவதைக் கண்டார். தூரத்தையும் தேனீ பெரிதும் பிசகாமல் சொல்லும். "உதிலைதான்" என்று சொல்லி இரண்டு மைல் நடக்கவைக்கும் நமது சம்பிரதாயம் அதற்கில்லை. பூசணிப்பூ விரிந்திருக்கும் காலைவேளையிலேயே பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்துக்குப் போன தேனீ மட்டும் திரும்பிவந்து ஆடுவதில்லை; சில நாட்களில், "பூசணி காய்க்கவில்லை, என்ன காரணம்?" என்ற கடிதந்தான் எனக்கு வருகிறது.