நாற்காலியின் பாரம் தாங்குதிறன்: ஸ்கூடாய்ப் பந்தலை முன்வைத்து ஒரு முன்னோட்டம்

ஆய்வு என்றால் முந்தைய ஆய்வை மறுத்துத் தொடங்க வேண்டும். இத்துறையில் முந்தையது எதுவும் அகப்படாததால், நானே நேற்று ஒன்றை எழுதி இன்று மறுக்கிறேன்.

நாற்காலி மூவகைப்படும். மரம், தாங்கும். இரும்பு, துருவேறும் வரை தாங்கும். பிளாஸ்டிக் பற்றிப் பின்னர்.

ஐரோப்பாவின் இஎன் 12520 தரம், வீட்டு நாற்காலியில் அமர்பவரின் எடையை 110 கிலோ என்று கொள்கிறது. அமெரிக்க அலுவலக நாற்காலிக்கான பிஃமா தரமோ 2017இல் அவரை 275 பவுண்டு ஆக்கிவிட்டது. ஏறக்குறைய 125 கிலோ. அட்லாண்டிக்கைத் தாண்டினால் மனிதருக்கு 15 கிலோ கூடுகிறது (காரணம் சாப்பாடே: மூன்றாம் மேசைக்காரர், 'தே தாரிக் உரைகள்', முதல் கோப்பை). மெல்ல உட்காருவதும் தொப்பென்று விழுவதும் ஒன்றல்ல. அதனால் சோதனைக்கூடத்தில் எந்திரம் இருக்கையை ஆயிரக்கணக்கான முறை அழுத்தும். பாரப் பையையும் மேலிருந்து போடுவார்கள். எந்தத் தரம், எத்தனை அழுத்தம், தயாரிப்பாளர் விட்ட பாதுகாப்பு இடைவெளி எவ்வளவு என்பதற்கேற்ப நாற்காலியின் ஒட்டுச்சீட்டில் போடும் எடை எண் மாறும்.

மலேசியாவின் ஸ்கூடாயில் கல்யாணப் பந்தலுக்கு வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒட்டுச்சீட்டே இராது. வெயிலில் கிடந்து கிடந்து பிளாஸ்டிக் நொறுங்கும். விலை குறைய அதில் சுண்ணத்தூளும் கலந்திருக்கலாம். வழவழத்த தரையில் கால் நான்கு திசைக்கும் விரியும். இங்கேதான் 'இரட்டை அடுக்குக் கோட்பாடு' பிறக்கிறது. கனத்த உடல்வாகு உள்ளவர் வாசலில் தென்பட்டதும், பெண் வீட்டார் ஒருவர் ஓசைப்படாமல் ஒரு நாற்காலிமேல் இன்னொன்றைச் செருகிவிடுவார்.

"எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"நீங்க பெரியவங்கண்ணே!"

அடுக்கினால் பலம் இரட்டிக்கும் என்பது தாமான் யுனிவர்சிட்டிப் பள்ளி. கால் விரிவது அடி நாற்காலிதானே, இரட்டிக்காது என்பது தாமான் உங்கு துன் அமினாப் பள்ளி (பெரியப்பா, 'பந்தி விவாதங்கள்', இரண்டாம் பந்தி, பாயசத்துக்கு முந்தைய இயல், பக்கத்து இலைக்காரரின் அடிக்குறிப்போடு. அடிக்குறிப்பை அவர் மோர் வந்ததும் மறுத்துவிட்டார்; அம்மறுப்பைத் தாம்பூலப் பதிப்பில் பெரியம்மா மறுத்தார்). மூன்றடுக்குவாதிகளும் உண்டு. அவர்கள் விருந்தினருக்குக் கால் தரையில் எட்டாததைக் கணக்கில் கொள்வதில்லை. எந்தப் பள்ளியாரும் இதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே எல்லாரும் முனைவர் ஆகிவிட்டார்கள்.

நாற்காலி வாங்கப் போகும் வாசகரே, எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்காதீர்கள். எந்தத் தரத்தின்படி சோதித்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், நின்றுகொண்டே பேரம் பேசுங்கள்.