இன்னும் ஒரே ஒரு வளைவு

அண்ணன் வாங்கியிருக்கும் கூடாரம் தூக்கிப் போட்டால் இரண்டே நொடியில் தானாக விரிந்துவிடும். தூக்கிப் போட இடம் தேடத்தான் ஐந்து மணி நேரம்.

"இங்கேயே இறங்கிடலாமேண்ணே?"

"சேச்சே, சரிவா இருக்கு. அடுத்த வளைவு தாண்டினா பிரமாதமா இருக்கும் பாரு."

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஸ்பெயினின் தெற்குப் பகுதியில், ஹயேன் மாகாணத்தில். அங்கே ஆலிவ் மரங்கள் 6 கோடிக்கு மேல். மனிதர்கள் 6 லட்சத்துச் சொச்சம். ஆளுக்கு நூறு மரம்! மேடு ஏறினால் ஆலிவ், இறங்கினால் ஆலிவ். கயிறு பிடித்து நட்ட மாதிரி வரிசைகள், அடியிலிருந்தே இரண்டு மூன்றாகப் பிரிந்த தண்டுகள். இந்த வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தோப்புக்காரரே முழிப்பார். அண்ணனுக்கு மட்டும் தெரியும்.

கசோர்லா மலையடிவாரத்தில் மாலை ஆறு மணிக்கே முறையான கேம்பிங் ஒன்று வந்தது. வெந்நீர், கழிப்பறை, பைன் மர நிழல். வண்டியை விட்டு இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்: நாய் குரைக்கிறது. அடுத்ததில் ரோடு பக்கத்தில். மூன்றாவதில் நாயும் இல்லை, ரோடும் இல்லை. "யாருமே இல்லையேடா, ஏதோ விஷயம் இருக்கு" என்றார். தோப்புக்குள் ஒதுங்கலாமென்றால் அது ஒருவர் சொத்து. அதோடு ஹயேன் அடங்கிய அந்தலூசியாவில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கத் தடை.

பேச்சை எங்கேயோ கொண்டுபோகிறவனை ஸ்பானியர்கள் 'ஊபெதா குன்றுகள் வழியாகப் போகிறான்' என்பார்கள். ஊபெதா இதே மாகாணத்து ஊர்தான். 13ஆம் நூற்றாண்டில் அதைப் பிடிக்கப் போன படையில் ஒரு வீரன் சண்டையெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தானாம். எங்கேயப்பா போனாய் என்று ராஜா கேட்டதற்கு, குன்றுகளில் வழி தவறிவிட்டேன் என்றானாம். கோழை என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். பாவம், உண்மையைத்தான் சொல்லியிருப்பான். வழிகாட்டியாக அண்ணனைப் போல ஒருவர் முன்னால் போயிருப்பார்.

இடையில் ஒருமுறை இறங்கினார். மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்துக் கடித்தார். வாரக்கணக்கில் உப்புநீரில் ஊறாத ஆலிவ் என்ன கசப்பு என்று தெரிந்துகொண்டு, துப்பிவிட்டு ஏறிக்கொண்டார்.

கெட்ட மனிதர் இல்லை. இரவு பதினொன்றுக்கு ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி, ரொட்டியை வெட்டி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி எல்லோருக்கும் அவர்தான் கொடுத்தார். பிக்குவால் ஆலிவின் எண்ணெய். மிளகு மாதிரி தொண்டையைப் பிடிக்கும். வரிசையாக இருமினோம். தன் பங்கையும் என் மகளுக்கே கொடுத்துவிட்டார். அப்போது எல்லாவற்றையும் மன்னித்தேன்.

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஓட்டியது நான். டீசல் என் காசு. மூட்டுவலியோடு அண்ணி பின்சீட்டில் ஆறு மணியிலிருந்து உட்கார்ந்தபடியே இருந்தார். கால் நீட்ட ஆறடி தரை போதும் என்று இரண்டு தடவை வாய்விட்டே கேட்டார். காதிலேயே வாங்கவில்லை இந்த மனுஷன்.

அன்றிரவு அந்தப் பங்க்கிலேயே, லாரிகளுக்கு நடுவே, வண்டிக்குள் உட்கார்ந்தபடி தூங்கினோம். விடிந்ததும் எதிரே ஒரு பலகை தெரிந்தது. நாய் குரைத்த அந்த முதல் கேம்பிங், 4 கிலோமீட்டர்.