ஓய்வெடு, ஆனால் இங்கே அல்ல

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு பணிநாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பிறகு 10 மணி நேரம் ஓய்வு. இந்த நேரக் கணக்கைக் கையால் எழுதிய காலத்தில் பேனா கொஞ்சம் தாட்சண்யம் பார்த்தது. 2017 டிசம்பரில் கட்டாயமான மின்னணுக் கருவிக்கு அந்தப் பழக்கமே இல்லை. கிடங்கில் சரக்கு இறக்க நாலு மணி நேரம் காக்க வைத்தாலும் அந்த 14 மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்.

இருட்டிய பிறகு ஓய்வெடுக்க டிரக் ஸ்டாப்புக்குப் போனால் ஈ நுழைய இடமிருக்காது. படுக்கை வண்டிக்குள்ளேயே இருக்கிறது, வண்டிக்குத்தான் இடமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுக்கிக் கண்ணயர்ந்தால், போலீஸ் கதவைத் தட்டி, "சார், வண்டியை எடுங்க" என்பார். அப்படி விரட்டப்பட்டு ஓட்டுவதை, 2018இல் வந்த அரசு விளக்கத்தின்படி, 'சொந்த உபயோகம்' என்று பதிந்துகொள்ளலாம். நள்ளிரவில் காற்று வாங்கப் போனாராக்கும்!