பரண் மேல் நான்கு டெராபைட்

முடிச்சூர்ப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் வாசல் திசை, போர்த் தண்ணீர் எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள்: "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" விற்கிறவர் கை முழங்காலருகே நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் கை கழுத்துக்குப் போகும். அந்த டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாறு வீட்டுக்குள் வந்தது, கல்யாண ஆல்பங்கள் வீட்டைவிட்டுப் போயின.

அதனால் மிச்சமிருந்த குடும்பப் படங்களுக்காக ரிச்சி தெருவிலிருந்து ஒரு நாஸ் பெட்டி வாங்கி வந்தபோது, அதை எங்கே வைப்பது என்று வீட்டில் விவாதமே எழவில்லை. பரண்தான். ஒரு பக்கம் பித்தளை அண்டா, மறுபக்கம் கொலு பொம்மைகள், நடுவே நான்கு டெராபைட். காற்றோட்டம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். "சூட்டுல வெந்தாலும் வேகட்டும், தண்ணியில ஊறக்கூடாது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நாஸ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க், அவற்றை மேய்க்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு லேன் துளை. ரவுட்டரிலிருந்து கேபிளைப் பரணுக்கு ஏற்றினால் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று அதற்குக் கிடைக்கும். ரவுட்டருக்குள் போய் அந்த எண்ணை நிரந்தரமாக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் பெட்டி வேறு எண்ணுக்குக் குடிபோய்விடலாம். ஒரு டிஸ்க் மற்றதன் நகல். ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும். வீடே மூழ்கினால் இரண்டும் ஜோடியாகப் போகும் என்பதை மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சிடுவதில்லை.

அப்புறம் டாலஸிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, என் கல்யாண வீடியோவை இங்கிருந்தே பாக்குற மாதிரி பண்ணிக் குடேன்."

192.168 எண்கள் 1996-லேயே உள்வீட்டுப் புழக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை; வெளியிலிருந்து அவற்றைத் தேடி யாரும் வர முடியாது. ரவுட்டருக்குப் பொது எண் ஒன்று வேண்டும். எங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் 100.72 என்றிருந்தது. பழைய முறை இணைய எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசியாவின் இருப்பு 2011 ஏப்ரலில் கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டது. மறுவருடமே, பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நெருக்கி உட்காரவைப்பதற்காக 100.64 முதல் 100.127 வரை தனியாக ஒதுக்கினார்கள். ஆக, கதவு எண் இல்லாத வீடு எங்களுடையது. நாங்கள் போட்ட கடிதத்துக்குப் பதில் வரும். புதிதாக ஒருவர் தேடி வந்தால் தெருமுனையிலேயே நிற்பார்.

பொது எண் கேட்டு இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன்.

"ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனி சார்ஜ் சார். எதுக்கு வேணும்?"

"பரண்ல சர்வர் இருக்கு."

"ஆபீஸா சார்?"

"இல்ல, கொலு பொம்மை பக்கத்துல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பெருங்குடியில் வேலை பார்க்கும் மாடிவீட்டுப் பையன்தான் கைகொடுத்தான். "போர்ட்டே திறக்காதீங்க அங்கிள்" என்றான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம்பறி நிரல், இணையத்துக்கு நேராகத் திறந்துகிடந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டி, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டதாம். கதவு எண் இல்லாத வீட்டுக்குத் திருடனும் வழி தெரியாமல் திண்டாடுவான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பையன் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தான். பரண் பெட்டியும் டாலஸ் போனும் தத்தம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே கிளம்பி, நடுவழியில் பேசிக்கொள்கின்றன. தங்கை வீடியோ பார்த்தாள். தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் நாதஸ்வரக்காரரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது இத்தனை வருடம் கழித்துத் தெரியவந்தது.

ஜோடியாகப் போகும் டிஸ்க்குகள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தன. வேறு வீட்டில் ஒரு நகல் வேண்டும். குரோம்பேட்டையில் சித்தப்பா மூன்றாவது மாடியில் இருக்கிறார். "தாராளமா வைடா. ஆனா என் போன்ல இருக்கறதையும் உன் பரண்ல ஏத்திக்கணும்" என்றார். ஏற்றிக்கொண்டோம். இரவெல்லாம் பரணில் விளக்கு மின்னியது. காலையில் பார்த்தால் ரோஜாப்பூ, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி, எல்லாவற்றிலும் 'இனிய காலை வணக்கம்'. இன்னும் 2019-ஐயே தாண்டவில்லை.