சாடி மல்லிகைக்காரர்

ஜனவரி மாலை ஐந்து மணிக்கே ரொறன்ரோவின் ஸ்காபரோத் தெருக்கள் இருண்டு கிடக்கும்போது, ஒரு வீட்டு ஜன்னல் மட்டும் செடி விளக்கின் ஊதா வெளிச்சத்தில் ஜொலித்தால் உள்ளே ஏதோ களவுத் தொழில் நடக்கிறதென்று பயப்பட வேண்டாம். நாலு கஞ்சாச் செடி வரை வீட்டில் வளர்க்க 2018இலிருந்து சட்டமே இடம் கொடுக்கிறது. இந்த வீட்டுக்காரர் வளர்ப்பது அதைவிடக் கஷ்டமானது: குண்டுமல்லிகை. வரவேற்பறையின் நல்ல ஜன்னல் அதற்கு. சோபா சுவரோரத்துக்கு ஒதுங்கிவிட்டது. வந்த விருந்தாளி தேத்தண்ணியோடு உட்கார்ந்த உடனேயே, “தம்பி, கொஞ்சம் அரக்கி இருங்கோ, அதுக்கு வெளிச்சம் மறைக்குது” என்பார்.

பனிக்காலம்தான் தன் பரம எதிரி என்று அவர் சத்தியம் செய்வார். வெளியே மைனஸ் 15 என்று கைபேசி சொன்னால், அவர் கணக்கில் முதலில் குளிர்வது செடிக்குத்தான். ஆனால் அந்தச் செடி பிறந்ததிலிருந்து மைனஸ் 15ஐக் கண்டதே இல்லை. வீட்டார் எல்லோரோடும் சேர்ந்து 22 பாகையில்தான் குடியிருக்கிறது. அப்படியும் மாசி பிறப்பதற்குள் பாதி இலை கொட்டிவிடுகிறதே, ஏன்? டிசம்பரில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணிநேரம்தான். வெளிச்சம் குறைந்தால் மல்லிகை வளர்வதை நிறுத்தி அரைத்தூக்கத்தில் கிடக்கும். வேர் தண்ணீர் கேட்காது. இவரோ காலையும் மாலையும் செம்பும் கையுமாக நிற்கிறார். ஈரம் வடியாத மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். மஞ்சள் இலையைப் பார்த்ததும், ஐயோ தாகம் என்று இன்னொரு செம்பு. போதாததற்கு, இந்த நாட்டு வீடுகளில் சூட்டுக்காற்று வரும் துவாரம் பெரும்பாலும் ஜன்னலுக்கு நேர் கீழே தரையில்தான் இருக்கிறது. வெயில் விழுகிற ஒரே இடத்தில் வறண்ட அனல் இரவு பகலாக அடிக்க, அதைத் தேடி வந்ததுபோல் சிலந்திப்பேன் இலைக்கடியில் வலை கட்டிக் குடும்பம் நடத்துகிறது. ஆக, இந்த ஊர் மல்லிகைகளைக் கொல்வது குளிரல்ல. பாசம்தான் என்பது என் கட்சி.

அப்படியானால் கவனிக்காமலே விட்டுவிடலாமா என்று கேட்கலாம். விடக்கூடாது. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும் செப்டம்பரில் உள்ளே எடுக்க வேண்டும், துவாரத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து மேலே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும், குளிர்காலக் கடைசியில் கிளையை வெட்டிவிட வேண்டும். பூ புதுத் துளிரில்தான் வரும். வாரத்துக்குப் பத்து நிமிட வேலை. பத்து நிமிட வேலையை வைத்துக்கொண்டு இளைப்பாறிய ஒரு மனிதர் மீதிப் பொழுதை என்ன செய்வார்? பூவுக்காகத்தான் இத்தனை பாடு என்றால் கடையில் சரமாக வாங்கலாமே என்பது இன்னொரு கேள்வி. அது கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பது. இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பிரபு வெப்பநாட்டுச் செடிகளுக்கென்று கட்டிய பெரிய கண்ணாடி மாளிகையை நிலக்கரியால் சூடாக்கினார்கள். முதல் உலகப் போரில் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வர, செடிகள் செத்தன. 1920இல் மாளிகையையே இடித்தார்கள். அந்தப் பிரபுவிடம் யாரும் சரத்தின் விலையைக் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மவர் அதே பைத்தியத்தை ஒரு ஜன்னலிலும் மனைவியின் பொறுமையிலும் அடக்கிவிடுகிறார். சிக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மே மாத விக்டோரியா தின விடுமுறைவரை செடியை வெளியே வைக்காதே என்பது இந்த ஊர் வழக்கம். இவருக்கு ஏப்ரலில் ஒருநாள் வெயில் எறித்தால் போதும். சாடி வெளியே போகும், இரவு உள்ளே வரும், இடுப்புப் பிடிக்கும். ஜூலையில் பதினைந்து மணிநேரப் பகல் கிடைத்ததும் மல்லிகை தானாகவே பூத்துத் தள்ளும். அந்தப் பூவின் படம் ஊருக்கு, சுன்னாகம்வரை போகும். அங்கே வேலியோரத்தில் தேடுவாரற்றுப் பூத்துக் கொட்டுகிற மல்லிகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மச்சான், “நல்ல வடிவு” என்று பதில் போடுவார்.

என் கட்சிக்குச் சாட்சி அவர் வீட்டிலேயே உண்டு. ஜனவரியில் ஊருக்குப் போய் ஆறு கிழமை நின்றுவிட்டு வருகிறார். வீட்டில் இருப்பவர்கள் நினைவு வந்தபோது ஒரு குவளை ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பகலும் இதற்குள் நீண்டுவிட்டது. பெட்டியை இறக்குமுன் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தால், கணுவுக்குக் கணு பச்சைத் துளிர். “இஞ்சாரும், பாத்தீரே! என்னைக் கண்ட சந்தோஷத்திலை துளிர்த்திட்டுது” என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே செம்பை எடுக்கப் போகிறார்.