கஞ்சி ஆறுவதற்குள்

1984-இல் அக்ரி ஆபீசர் சோயா விதையோடு 200 கிராம் பொட்டலம் ஒன்றையும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே கரும்பொடி. அப்பாரு மோந்து பார்த்துவிட்டு, "அடுப்புக்கரியையுமா விக்கறாங்க?" என்றார். பேர் ரைசோபியம், கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது என்று ஆபீசர் விளக்கியதும் அப்பத்தா அதை மாட்டுக்கொட்டகைக்கு நாடு கடத்திவிட்டாள். கிருமியைக் கொடுத்துக் கெடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். விதைக்குப் பூசுவார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் பெயரிங்க் என்ற டச்சுக்காரர் வேர்முடிச்சிலிருந்து இந்த உயிரைப் பிரித்தெடுத்தது 1888-இல். எங்கள் கொட்டகைக்கு வந்துசேர 96 வருஷம்.

வேலை சுலபம்தான். ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைக்கவேண்டும். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் வேண்டிய நுண்ணுயிர் நம் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கிறது. சீனத்துச் சோயாவுக்கு இங்கே ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதன் கூட்டாளியை விதையோடுதான் அனுப்பவேண்டும். வேரில் முடிச்சுக் கட்டிக் குடியேறிவிட்டால் அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும். கூலி, செடி தரும் சர்க்கரை.

அப்பாருவுக்குக் கஞ்சி ஆறும்வரை பொறுமையில்லை. கொதிக்கக் கொதிக்கக் குழைத்தார். கோடி உயிரும் வெந்தது. தப்பியது ஒன்றிரண்டு இருந்தால் அதற்கும் வழிவிடவில்லை. விதையைக் களத்து வெயிலில் காயப்போட்டார். பிறகு மனசு கேட்காமல் யூரியாவும் வீசினார். நாற்பதாம் நாள் ஆபீசர் செடியைப் பிடுங்கினால் வேர் மொட்டை. "உங்க மருந்து கேக்கலீங்க" என்றார் அப்பாரு. ஆபீசர் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது பண்ணையம் அண்ணன் மகன் கையில். அக்ரி படித்தவன். பொட்டலம் ஃபிரிட்ஜில், இட்லிமாவுக்கும் புரோபயாட்டிக் தயிருக்கும் நடுவே கௌரவமாக இருக்கிறது. கஞ்சியில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்க்கிறான். நாங்கள் பச்சைக்குழந்தைக்குப் பால்கூட இத்தனை பதமாக ஆற்றியதில்லை. நிழலில் உலர்த்த செல்போனில் அலாரம்.

போன மாதம் போனபோது எனக்காக ஒரு செடியைப் பிடுங்கினான். முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினான். உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துச் சிவப்புக்குப் பங்காளிதான் அது, லெக்ஹீமோகுளோபின். எனக்கே சற்றுச் சிலிர்த்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு முடிச்சுதான்.

கொட்டகைப் பக்கம் போனேன். பிரித்த யூரியா மூட்டை சாய்ந்து கிடந்தது.

"செடி கொஞ்சம் வெளுத்தாப்பல தெரிஞ்சுதுங்க, சித்தப்பா…"

யூரியா கிடைத்தால் செடி முடிச்சுக் கட்ட மெனக்கெடாது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்.

"எத்தனை மூட்டை?"

"ஒன்றரைங்க. முன்னே 50 கிலோ இருந்துச்சு, 2018-ல 45 ஆக்கிட்டாங்கல்ல? அதான், ஒண்ணு பத்தலீங்க."